கல்லடி உப்புக்காற்றில் ஒரு ரஸ்பெரி பை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

ரஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி (இனி சுருக்கமாகப் பை) பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை பெட்டியைப் பிரித்த அன்றோ அடுத்த வாரமோ எழுதப்பட்டவை. வேக ஒப்பீடு இருக்கும், நல்ல படங்கள் இருக்கும், வீட்டுக்கு ஒரு சேர்வர், அதாவது எந்நேரமும் ஓடி மற்றக் கருவிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் கணினி, வைத்துவிட்ட உற்சாகமும் இருக்கும். எழுதியவர்கள் அநேகமாகக் குளிர்நாட்டில், கரண்ட் போகாத ஊரில் இருப்பவர்கள். மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் கல்லடியில், இரவு பகல் வருடக்கணக்காக ஓடவிட்டால் இந்தச் சாமான் என்ன ஆகும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வேகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு வேலைக்கு அது போதும், அவ்வளவுதான். கரண்ட், உப்பு, வீட்டு ஆட்கள் ஆகிய மூன்றும்தான் இங்கே உண்மையான சோதனை.

என்னிடம் இருப்பது 4 ஜிபி மொடல். 2019 ஜூனில் வெளிவந்த வகை, 1.5 கிகாஹேர்ட்ஸில் நான்கு கோர். டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்ற காலத்தில் வாங்கியது. 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி, மே மாதத்தில் டொலர் 360 வரை போனது. அதே காலத்தில் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடும் இருந்ததால் வாங்கியதைவிட நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். விற்காததற்குக் காரணம் மின் பில்.

கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து புரோகிராம் எழுதுவது என் தொழில். வீட்டில் எப்போதும் ஓடுகிற ஒரு சேர்வர் வேண்டும் என்ற ஆசை பழையது. பழைய டெஸ்க்டொப் ஒன்றும் இருந்தது. அது சும்மா நிற்கும்போதே 80 வாட் இழுத்தது. மாதம் முழுக்க ஓடவிட்டால் 58 யூனிட் அளவு வரும். வீட்டு மின் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே வேறு. அந்தப் பெட்டி ஒன்றே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பையும் அதில் மாட்டிய எஸ்எஸ்டியும் (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு டிஸ்க்) சேர்ந்து 5 வாட் என்று தாராளமாக வைத்தாலும் மாதம் 3.6 யூனிட். இந்தக் கணக்கை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "சரி, அப்ப அந்தப் பெரிய பெட்டிய அறையிலிருந்து எடுங்க" என்றார். வேறு ஒப்புதல் தேவைப்படவில்லை.

இனி கரண்ட்.

2022 மார்ச் 30 அன்று நாட்டில் 10 மணித்தியால மின்வெட்டு, மறுநாள் 13 மணித்தியாலம். ஊர்களை ஆங்கில எழுத்துகளால் குழுக்களாகப் பிரித்து அட்டவணை வரும். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் விடிந்ததும் கேட்கிற முதல் கேள்வி "இண்டைக்கு நமக்கு எத்தின மணிக்கு?" என்பதுதான். அட்டவணைப்படி போகிற கரண்ட் பரவாயில்லை. ஐந்து நிமிடம் முந்தி பையை ஒழுங்காக அணைக்கச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். போய், வந்து, இரண்டு நிமிடத்தில் திரும்பப் போகிற கரண்ட்தான் கொல்லும். என் முதல் மெமரி கார்ட் அப்படித்தான் போனது.

பல பேர் இதை மலிவுக் கார்டின் தலையில் போடுகிறார்கள். அது பாதிக் கதை. கார்டுக்குள் ஒரு குட்டிக் கன்ட்ரோலர் இருக்கிறது. நாம் ஒரு வரி லொக், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு, எழுதச் சொன்னால் அது ஒரு வரியை மட்டும் எழுதுவதில்லை. பிளாஷ் நினைவகத்தைப் பெரிய கட்டங்களாகத்தான் அழிக்க முடியும் என்பதால், பழைய கட்டத்தில் இருப்பதை வேறிடத்துக்கு நகர்த்தி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் மாற்றி எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் அட்டவணை குழம்பும். லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4, எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜேர்னல் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஜேர்னல் மேல்தளத்தில் இருப்பது. கீழே இருக்கிற கார்ட் "எழுதிவிட்டேன்" என்று பொய் சொன்னால் அதற்குத் தெரிய வழியில்லை. நீங்கள் தொடாத கோப்புகூட உடைந்து கிடப்பது இதனால்தான்.

இதற்கு நான் செய்தது இரண்டு. முதலில் லொக் எல்லாவற்றையும் ரேமில் வைத்து, இடைக்கிடை மட்டும் கீழே இறக்கினேன். பிறகு கார்டையே விட்டு எஸ்எஸ்டிக்கு மாறினேன். 2020இல் வந்த புதிய பூட்லோடருக்கு (கணினியை எழுப்பும் குட்டி மென்பொருள்) பிறகு பை 4 நேரே யூஎஸ்பியிலிருந்து எழும்பும். மாறியதும் புதுப் பிரச்சினை: வைபை தவழத் தொடங்கியது. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கமாக மின்காந்தக் கிரிச்சல் கசியும். இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எஸ்எஸ்டியின் வயர் வைபை அன்டெனாவுக்கு ஒட்டிக் கிடந்தால் அவ்வளவுதான். ரவுட்டருக்கு நேரே கேபிள் இழுத்துவிட்டு வைபையை அணைத்துவிட்டேன்.

சார்ஜர் பற்றியும் ஒரு வார்த்தை. 5 வோல்ட் 3 அம்பியர் என்று அச்சடித்த போன் சார்ஜர்கள் பலவற்றில் மெல்லிய வயரைப் போட்டதும், பாரம் ஏறுகிற நேரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே விழும். அந்த எல்லைக்குக் கீழே போனால் பை எச்சரிக்கை காட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை மாட்டாத சேர்வரில் அந்த எச்சரிக்கையை யார் பார்ப்பது? 5.1 வோல்ட் தருகிற, வயர் பிரிக்க முடியாத சார்ஜர் வாங்குங்கள். இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மின்வெட்டுக் காலத்தில் எனக்கு அதிக நேரம் தின்ற பிழை மணிக்கூடு சம்பந்தப்பட்டது. பை 4 இல் பற்றரியில் ஓடுகிற மணிக்கூடு கிடையாது. கரண்ட் வந்ததும், கடைசியாகக் கோப்பில் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்தால் நேர சேர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டின் டிஎன்எஸ் தேடலுக்கு, அதாவது இணையதளப் பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு, நான் இதே பையில் அன்பவுண்ட் என்ற மென்பொருளை ஓடவிட்டிருந்தேன். வருகிற பதில் போலி அல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களை அது சரிபார்க்கும். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் உண்டு. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பை எழும்பும்போது அதன் கணக்கில் இன்னும் நேற்று இரவு. இன்று காலை போட்ட கையொப்பம் அதற்கு இன்னும் தொடங்காத கையொப்பம், ஆகவே பதிலைத் தள்ளிவிடும். நேர சேர்வரின் பெயரையும் அதே வழியில்தான் தேட வேண்டும். நேரம் பிழை என்பதால் பெயர் கிடைக்காது. பெயர் கிடைக்காததால் நேரம் திருந்தாது. ரவுட்டரில் எல்லா லைட்டும் பச்சையாக எரியும், வீட்டில் ஒருவருக்கும் ஒரு பக்கமும் திறக்காது. "தம்பி, நெட் ஓடுதில்ல, உங்கட பெட்டிய ஒருக்கா பாருங்க" என்று மாமி அறைக்கு வெளியே வந்து நிற்பார். மட்டக்களப்பு வழக்கப்படி நான் மனைவியின் சீதன வீட்டில் இருப்பவன். மாமியின் முறைப்பாடுதான் எனக்கு உச்ச எச்சரிக்கை.

தீர்வு மலிவு. டிஎஸ்3231 என்ற மணிக்கூட்டுச் சிப் உள்ள சின்னப் பலகை. வெப்பநிலையைப் பார்த்துத் தன் படிகத்தின் துடிப்பைத் தானே திருத்திக்கொள்ளும் வகை அது. வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவே பிசகும். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் அதிகம் கிடைக்கிற நீலப் பலகையில் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற சுற்றும் இருக்கிறது. அதில் சார்ஜ் ஆகாத சாதாரண சிஆர்2032 பற்றரியைப் போட்டால் நாளடைவில் பற்றரி வீங்கும். அந்தச் சுற்றின் குட்டி ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

நேரம் என்றதும் ஒரு கிளைக்கதை. இந்த நாடு 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில் உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய கணக்குக்கே வந்து சேர்ந்தது. நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று கொடுத்தால் கணினிக்கு இந்த வரலாறு முழுக்கத் தெரியும். வெறுமனே +5:30 என்று கொடுத்தால் 1996 ஒக்டோபருக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் எடுத்த படமெல்லாம் அரை மணித்தியாலம் தள்ளி அடுக்கப்படும். இதில் கணினிக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரமே அங்கே ஓடியது. அதாவது அந்தப் பத்து வருடமும் எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குள் போனால் மணிக்கூடும் மாறும். நேர வலயத் தரவுத்தளத்தில் படுவான்கரைக்குத் தனி வரி கிடையாது.

சரி, பற்றரிக்கு வருவோம். 2022இல் எல்லாக் கடையிலும் தொங்கிய சின்ன டிசி யூபிஎஸ் (கரண்ட் போனால் தாங்கும் பற்றரிப் பெட்டி) ஒன்றைத்தான் நானும் முதலில் வாங்கினேன். 5, 9, 12 வோல்ட் மூன்றும் தரும் வெள்ளைப் பெட்டி. உள்ளே 18650 லிதியம் செல்கள். ஆரம்பத்தில் ரவுட்டரையும் பையையும் பின்னேரம் முழுக்கத் தாங்கியது. அடுத்த வருடம் அதில் பாதிகூட இல்லை. லிதியம் அயன் பற்றரிக்கு வெக்கை ஆகாது. முழுச் சார்ஜில் நிறுத்திவைப்பதும் ஆகாது. ரவுட்டருக்குப் பக்கத்தில், எந்நேரமும் பிளக்கில் கிடக்கும் யூபிஎஸ்ஸுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. பிறகு 12.8 வோல்ட் 6 அம்பியர் மணி லிதியம் அயர்ன் பொஸ்பேட் பற்றரிக்கு மாறினேன். கணக்குக்கு 77 வாட் மணி. பையும் ரவுட்டரும் சேர்ந்து 13 வாட் என்றால், மாற்றிகளில் வீணாவதைக் கழித்து ஐந்து மணித்தியாலம் தாங்க வேண்டும். ஏறக்குறைய அப்படித்தான் தாங்குகிறது. இந்த வகை வெக்கையையும் முழுச் சார்ஜையும் நன்றாகப் பொறுத்துக்கொள்கிறது. முழு ஏற்பாட்டிலும் நான் போட்ட பணத்துக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான், பை அல்ல.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு பட்டுக்கொண்டது என்று அமைச்சரே சொன்னார். சிரித்தோம், ஆனால் விஷயம் குரங்கு மட்டுமல்ல. வெயிலான ஞாயிற்றுக்கிழமை, மின்பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், எடையோடு சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் குறைவாக இணைந்திருந்த நேரம். சுழலும் எடைதான் மின்சாரத்தின் துடிப்பை 50 ஹேர்ட்ஸில் பிடித்து நிறுத்துவது. அது குறைந்தால் ஓரிடத்தில் விழுகிற தட்டு விநாடிகளில் நாடு முழுக்கப் பரவும். நுரைச்சோலை அனல் நிலையமும் விழுந்ததால் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியால வெட்டு வந்தது. அன்று எங்கள் வீட்டில் பை நிற்கவில்லை. ஆனால் நேரம் போகப் போகப் போன் கோபுரங்களின் பற்றரியும் முடிந்து வெளியுலகத் தொடர்பு படுத்துவிட்டது. அப்போதுதான் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சாமானின் அருமை மகளுக்குத் தெரிந்தது: கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே வீட்டுக்குள் படிக்கலாம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது போதாது, ஆனால் பொழுது போகும். டைனோசரில் தொடங்கி எங்கெங்கோ போய் கடைசியில் "அப்பா, குரங்குக்கு ஏன் ஷொக் அடிக்கிற?" என்ற கேள்வியில் வந்து நின்றாள்.

உப்புக்கு வருகிறேன். கல்லடியில் யன்னல் கீல், பிரிட்ஜின் முதுகு, சைக்கிள் செயின் எல்லாம் எப்படித் துருப்பிடிக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குப் புதிதாகத் தெரிந்தது அதன் கணக்கு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே அது வெறும் தூசு. மேலே போனால் மின்கடத்தும் ஈரப்படலம். பையோடு ஈரப்பத சென்சர் ஒன்றை மாட்டிப் பார்த்தபோது, மாரியில் எங்கள் வீட்டு இரவுகள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலேதான் கிடந்தன.

அப்படியானால் பை எப்போதோ செத்திருக்க வேண்டும். சாகவில்லை. கேபிள் மாட்டுகிற சொக்கற்றின் தகர உறையில் மட்டும் செம்புள்ளிகள் வந்திருக்கின்றன. பலகை சுத்தமாக இருக்கிறது. அதே காலத்தில் வாங்கி, மேசை லாச்சியில் அணைத்து வைத்திருந்த பை ஸீரோ என்ற, இதே குடும்பத்தின் இன்னும் சின்னப் பலகையின் பின்கள் பச்சை பூத்து, ஒன்றிரண்டு தொடுப்பு விட்டுவிட்டன. காரணம் வெப்பம். 28 பாகையில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 45 பாகையில் இருக்கிற பலகையைத் தொடும்போது அந்த இடத்தில் ஈரப்பதம் 33 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். காற்றில் இருக்கிற நீராவி அதேதான், ஆனால் சூடான காற்று கொள்ளக்கூடிய அளவு இரண்டரை மடங்கு. ஆக ஓடிக்கொண்டிருக்கிற பை தன் உடம்புச் சூட்டிலேயே தன்னைக் காய வைத்துக்கொள்கிறது. கரையோரத்தில் இருப்பவர்கள் எலக்ட்ரோனிக் சாமானைப் "பத்திரமாக" அணைத்து வைப்பதை நான் இப்போது நம்புவதில்லை. வைக்கத்தான் வேண்டும் என்றால் சிலிக்கா ஜெல்லோடு மூடி இறுகுகிற டப்பாவில் வையுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் விசிறி வேண்டாம் என்கிறேன். விசிறி பலகையைக் குளிர்விப்பதோடு உப்புக்காற்றையும் இழுத்து அதன் மேல் ஊதும். முழு அலுமினியக் கூடு, விசிறி இல்லாதது, இங்கே போதும். வெக்கைக் காலத்திலும் சிப் 80 பாகையை எட்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டதை நான் கண்டதில்லை. என் வேலைகள் இலகுவானவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எறும்பு வேறு கதை. வெதுவெதுப்பான பெட்டி என்றால் சிற்றெறும்புக்கு வாடகையில்லா வீடு. ரவுட்டருக்குள் முட்டையோடு குடியிருந்தன. பையின் அலுமினியக் கூட்டுக்குள் போகவில்லை, ஓட்டை குறைவு என்பதால் இருக்கலாம்.

அந்த ஈரப்பத சென்சர்தான் கடைசியில் இந்தப் பெட்டி எனக்குத் தந்த பெரிய சந்தோஷம். பிஎம்இ280 என்று பெயர். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றும் சொல்லும். ஈரப்பதத்துக்காக வாங்கியது. அழுத்தத்தைச் சும்மா பதிந்து விட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வொரு நாளிலும் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். காலை பத்து மணிப் பக்கமும் இரவு பத்து மணிப் பக்கமும் ஏறி நிற்கிறது. அதிகாலை நான்கு, பின்னேரம் நான்கு மணிக்கு இறங்குகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவு. முதலில் சென்சரைச் சந்தேகித்தேன். வெப்பநிலை ஏறி இறங்குவதால் வருகிற பிசகாக இருக்கும் என்று நினைத்தால், வெப்பநிலைக்கு நாளுக்கு ஒரு மேடுதானே! அடுத்தது புரோகிராமைச் சந்தேகித்தேன். அதிலும் பிழை இல்லை.

இது வளிமண்டலத்தின் வற்றுப்பெருக்கு. கடலின் வற்றுப்பெருக்கை அதிகம் இழுப்பது சந்திரன். காற்றின் வற்றுப்பெருக்கை நடத்துவது சூரியனின் வெப்பம்: மேலே ஓசோனும் கீழே நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாக, முழு வளிமண்டலமும் பன்னிரண்டு மணித்தியாலத் தாளத்தில் அசைகிறது. மத்தியரேகைப் பக்கம்தான் இது பெரிது. ஐரோப்பாவில் தினசரி வானிலை மாற்றங்களுக்குள் இது மூழ்கிப்போகும். நமக்கு மேலே, காற்றழுத்தம் மற்றபடி அவ்வளவாக ஆடாத இடத்தில், மலிவுச் சென்சர் ஒன்று யன்னல் ஓரத்திலிருந்தே இதைப் பிடித்துவிடுகிறது. பாடசாலையில் எவரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை.

நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும்போது வரைபடம் இன்னும் சுவையாகிறது. இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் அப்படியே இருக்கும், ஆனால் முழுக்கோடும் நாளுக்கு நாள் கீழே சரியும். பின்னேரம் நான்கு மணிக்கு அழுத்தம் இறங்கினால் அது ஒன்றுமில்லை, எப்போதும் இறங்குவதுதான். காலை பத்து மணிக்கு ஏற வேண்டியது ஏறாமல் நின்றால்தான் பார்க்க வேண்டும். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி மாமி சொல்லும்போது காற்றின் சத்தத்தைத்தான் சொல்வார். அன்று இப்படி ஒரு கோடு இருந்திருந்தால் எவ்வளவு செங்குத்தாக விழுந்திருக்கும் என்று யோசித்ததுண்டு. ஆனால் என் வரைபடத்தை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் கடலுக்குப் போகிறவர், "உங்கட கம்பி என்ன சொல்லுது?" என்று பகிடிக்குக் கேட்பார், பிறகு தன் போனில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அதுதான் சரி.

ஆடி மாதத்தில் ஈரப்பதக் கோடு வேறு வேடிக்கை காட்டும். கச்சான் காற்று எழும்பினால், காலையில் 80 சதவீதத்தில் இருந்தது மத்தியானத்துக்குள் 50க்குக் கீழே போய்விடும், வெப்பநிலை 35 பாகையைத் தொடும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. ஈரக் காற்று ஏறும்போது, நீராவி ஒடுங்கி வெப்பத்தை விடுவதால், கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிரும். காய்ந்து இறங்கும்போதோ கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை சூடேறும். அந்த வித்தியாசம்தான் நம் முகத்தில் அனலாக அடிப்பது. உடுப்பு காயப்போட்டு எடுப்பதற்குள் மொடமொடக்கும் அந்த நாட்கள் பைக்கு மிக நல்ல காலம். உப்பு வெறும் தூசாகக் கிடக்கும். ஆட்களுக்குத்தான் தலைவலி.

வீட்டு ஆட்களிடம் கேட்டால் இந்த மதிப்புரை வேறு மாதிரி இருக்கும். விளம்பரங்களை டிஎன்எஸ் மட்டத்திலேயே தடுக்கும் பை-ஹோலைப் போட்டபோது வீடே நன்றி சொல்லும் என்று எதிர்பார்த்தேன். மகளின் விளையாட்டுகளில் விளம்பரம் நின்றது உண்மை. ஆனால் மாமி நாடகம் பார்க்கிற செயலி, விளம்பரம் வராவிட்டால் நாடகத்தையும் காட்டமாட்டேன் என்று சுற்றிக்கொண்டே நின்றது. மனைவி உடுப்புக் கடை இணைப்பைத் தொட்டால் வெறும் பக்கம் வரும், ஏனென்றால் அந்த இணைப்பு முதலில் ஒரு விளம்பரக் கண்காணிப்பு முகவரிக்குப் போய்த்தான் கடைக்குப் போகும். "இஞ்ச பாருங்க, இதக் கழட்டி வைங்க, இல்லாட்டி என்ட போனுக்கு மட்டும் வேணாம்" என்றார். இரண்டாவதைச் செய்தேன். இப்போது மாமியின் டிவிக்கும் மனைவியின் போனுக்கும் தடை இல்லை, மகளுக்கும் எனக்கும் உண்டு. இணையம் எந்தக் காரணத்துக்காக நின்றாலும் குற்றவாளி பெட்டிதான் என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

கோப்பு, படங்களை வீட்டுச் சேர்வரிலேயே வைக்க உதவும் நெக்ஸ்ட்கிளவுட் போட்டு கூகுளை விட்டு முழுக்க வெளியேறும் திட்டமும் இருந்தது. 4 ஜிபி பையில் அது ஓடும், ஆனால் வீட்டில் ஒருவரும் திறக்கவில்லை. எடுத்துவிட்டேன். சிங்க்திங் மட்டும் நின்றது. அது போன்களில் எடுக்கிற படங்களைச் சத்தமில்லாமல் பைக்கு இறக்கும், அங்கிருந்து செங்கலடியில் மனைவியின் தங்கை வீட்டில் இருக்கிற இன்னொரு டிஸ்க்குக்கும் அனுப்பும். இந்த இரண்டாவது இடம் ஆடம்பரம் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையில் ஆட்களை இழந்தவர்கள் பலர். தப்பியவர்களிடமும் ஆல்பம் மிஞ்சவில்லை. மாமியின் கல்யாணப் படம் வீட்டில் ஒன்றுமே இல்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய பிரதிகளைச் சேர்த்து ஒரு கோப்புறை வைத்திருக்கிறோம். டிவியில் பையிலிருந்து நேரே திறந்து பார்க்கலாம். மாமி இந்தப் பெட்டியைப் பற்றி முறைப்பாடில்லாமல் கதைப்பது அதைத் திறக்கும்போது மட்டும்தான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கோப்பு, படம், டிவி என்று மட்டும் தேவை இருந்தால் இன்றைக்குப் பை வாங்க வேண்டாம். 2023இல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட சின்னக் கணினிகள் கூடும் எஸ்எஸ்டியும் சேர்ந்தே வருகின்றன, மணிக்கூட்டுப் பற்றரியும் உள்ளேயே இருக்கிறது, மின்சாரமும் பெரிதாக இழுப்பதில்லை. அவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. வாங்குமுன் அடப்டரைத் திருப்பிப் பார்த்து 12 வோல்ட் உள்ளதையே எடுங்கள், பற்றரியிலிருந்து ஓட்டுவது இலகு. சென்சர் மாட்டுகிற ஆசை, வயரும் சோல்டருமாக இருக்கிற குணம் உள்ளவர்களுக்குத்தான் பையின் 40 பின் அருமை தெரியும். பழைய பை 4 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் அவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் பணத்தை முதலில் பற்றரிக்கும் நல்ல சார்ஜருக்கும் ஒதுக்குங்கள், மிச்சத்தில் பை.

பை 5 க்கு மாறுவீர்களா என்று கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். மணிக்கூடு உள்ளேயே இருக்கிறது, வேகமும் இரண்டு மூன்று மடங்கு, எல்லாம் உண்மை. ஆனால் முழுச் சக்தியில் ஓட அது 5 வோல்ட்டில் 5 அம்பியர் கேட்கிறது, என் பற்றரிக்குப் பின்னால் இருக்கிற மாற்றி 3 அம்பியருக்கு மேல் தராது. அதையும் மாற்றி, விசிறி இல்லாத கூடும் தேடி, பற்றரியையும் பெரிதாக்க வேண்டி வரும். இந்த வருடம் அந்தப் பணத்தில் செங்கலடி டிஸ்க்கை மாற்றப் போகிறேன். அது பழைய லப்டொப்பிலிருந்து கழற்றியது, இப்போது சத்தம் போடத் தொடங்கிவிட்டது.